ஃபோம் மாத்தினதும் பாஸ் போச்சு, ஒரு பக்கம் கரகரங்குது. அவசரம்!

கேசட்_கும்பகோணம்:
வணக்கம் அண்ணன்மாரே. பழைய ஸ்பீக்கர் ஜோடி, வூஃபர் (பாஸ் தர்ற பெரிய கோன்) விளிம்புல இருக்கிற ஃபோம் தொட்டாலே உதிர்ந்தது. ஆன்லைன்ல 12 இன்ச் ஃபோம் வாங்கி நானே ஒட்டிட்டேன். இப்ப ரெண்டும் சேர்ந்து பாடினா பாஸே இல்ல, தகர டப்பா மாதிரி இருக்கு. ஒண்ணுல கரகரன்னு சத்தம் வேற. சனிக்கிழமை வீட்ல விசேஷம், அதுக்குள்ள சரியாகணும். என்ன பண்றது?

திருச்சி_ட்வீட்டர்:
எந்த மாடல்? கரகர எந்தப் பக்கம்? ஒட்டும்போது கோன் நடுவுல நிக்க ஷிம்னு மெல்லிசு துண்டு வச்சீங்களா? என்ன பசை? கோன் நடுவுல இருக்கிற மூடி, அதான் டஸ்ட் கேப், அதை எடுத்தீங்களா இல்லையா? இதெல்லாம் தெரியாம ஒண்ணும் சொல்ல முடியாது.

பழையபெட்டி:
கண்ணை மூடிக்கிட்டு கெப்பாசிட்டரை மாத்துங்க ப்ரோ. சத்தத்தைப் பிரிச்சு வூஃபர், ட்வீட்டருக்கு அனுப்புற கிராஸ்ஓவர்ல இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் எல்லாம் இத்தனை வருஷத்துல காய்ஞ்சிருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல நான்-போலார்னு கேட்டாலே எடுத்துக் கொடுப்பாங்க. முடிஞ்சா ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்க, சத்தம் கண்ணாடி மாதிரி ஆயிடும்.

வால்வு_வாத்தியார்:
"பழைய ஸ்பீக்கர்" என்று மட்டும் எழுதினால் சோழி போட்டுத்தான் பார்க்க வேண்டும் தம்பி. இதே கேள்விக்கு இங்கே முப்பது முறையாவது பதில் எழுதியிருப்பேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. பழையபெட்டிக்கு: நடு ஸ்தாயிக்கான மிட், மேல் ஸ்தாயிக்கான ட்வீட்டர், இவற்றின் வழியில் உள்ள கெப்பாசிட்டர் காய்ந்தால் மேல் ஸ்தாயி மங்கும். ஃபோம் ஒட்டிய மறுநாளே இரண்டு பெட்டியிலும் பாஸ் காணாமல் போகாது. தம்பி, ஒவ்வொரு பெட்டியையும் தனியாகப் பாட விட்டாயா? அதைச் சொல் முதலில்.

கேசட்_கும்பகோணம்:
மன்னிக்கணும் சார். ஜேபிஎல் எல்112. தனியா போட்டா ரெண்டுலயும் பாஸ் வருது, சேர்த்துப் போட்டாத்தான் போகுது. கரகர இடது பக்கம். ஷிம் வைக்கல, டஸ்ட் கேப்பையும் தொடல, கண்ணளவுல நடுவுல வச்சு ஒட்டினேன்.

திருச்சி_ட்வீட்டர்:
அப்ப ரெண்டும் தனித்தனி கோளாறு. பாஸ் போறது ஃபேஸ் தலைகீழா இருக்கிறதால. ஒரு கோன் வெளிய வரும்போது இன்னொண்ணு உள்ள போகுது, காத்தழுத்தம் ஒண்ணையொண்ணு அடிச்சிடுது. வூஃபரைக் கழட்டி மாட்டினப்போ வயர் இடம் மாறிச்சா?

கரகர, கோனை அசைக்கிற கம்பிச்சுருள், அதான் வாய்ஸ் காயில், காந்த இடுக்குல உரசுற சத்தமா இருக்கும். ஆம்ப்ளிஃபையரை அணைச்சுட்டு, கோன்ல எதிரெதிரா ரெண்டு கட்டைவிரலை வச்சு, ரெண்டுக்கும் ஒரே அழுத்தம் கொடுத்து 3, 4 மி.மீ. உள்ள தள்ளி விடுங்க. காதைக் கிட்ட வச்சா உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி 'ஸ்ஸ்'னு கேட்டா உரசுது. ஒரு விரலால தள்ளினா நல்ல வூஃபரே சாஞ்சு உரசும், அதை நம்பாதீங்க. விரலை 90 டிகிரி நகர்த்தி மறுபடி பாருங்க. மல்ட்டிமீட்டர்ல டிசி ஓமும் அளந்து சொல்லுங்க. 8 ஓம் வூஃபர்னா 5லேருந்து 7க்குள்ள காட்டணும்.

கேசட்_கும்பகோணம்:
5.6 காட்டுது அண்ணா. ஆமா, உரசுது. பிளஸ் மைனஸ் பாக்க இடது வூஃபர்ல 1.5 வோல்ட் பேட்டரி வச்சேன். சிவப்புல பிளஸ் கொடுத்தா கோன் உள்ள போச்சு. தப்பா இருக்கேன்னு அதுல மட்டும் வயரை மாத்திட்டேன். வலது ஏற்கெனவே பெட்டியில முடுக்கியாச்சு, அதைப் பாக்கல. சரிதானே?

வால்வு_வாத்தியார்:
அங்கேதான் கோட்டை விட்டாய். பெரும்பாலான கம்பெனிகளில் சிவப்புக்கு பிளஸ் கொடுத்தால் கோன் வெளியே வரும். அக்கால ஜேபிஎல்லில் உள்ளே போகும், அது அவர்கள் வழக்கம். நீ கழற்றும் முன் இருந்ததுதான் சரி. பழையபடி மாட்டு. அந்த ஒரு வூஃபரை மட்டும் திருப்பியதால் அதே பெட்டியின் மிட்டோடும் ஃபேஸ் ஒத்துப்போகாது. இரண்டும் கைமாறுகிற அலைவரிசையில் குழி விழும். தகர டப்பா சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. கிராஸ்ஓவரில் மிட் எப்படி இணைந்திருந்தாலும் வயர் நிறத்தைப் பார்த்து "திருத்தாதே".

மாட்டிய பின் பெட்டிகளை முகத்துக்கு முகம் ஒரு சாண் தள்ளி வை. மோனோவில் பாஸ் நிறைந்த பாட்டைப் போடு. பிறகு ஆம்பை அணைத்து, அதன் பின்னால் ஒரு பக்க வயரை மட்டும் திருப்பிப் போட்டுக் கேள். பாஸ் எந்த நிலையில் கனமாக இருக்கிறதோ அதுவே சரி.

கோவை_கோன்:
அடுத்த தடவை ஃபோமே வேண்டாம், ரப்பர் சரவுண்டு போட்டுடுங்க. நம்ம ஊர் ஈரத்துக்கும் சூட்டுக்கும் ஃபோம் சீக்கிரம் மாவாயிடும். ரப்பர் ரொம்ப நாள் உழைக்கும்.

திருச்சி_ட்வீட்டர்:
ரப்பர் கனம் ஜாஸ்திங்க. அசையுற பாகம் 60 கிராம்னு வச்சுக்குவோம். அதுல 6 கிராம் கூடினாலே சத்தம் 0.8 டெசிபல் குறையும். விறைப்பும் மாறினா வூஃபரோட ஒத்ததிர்வு நகரும். இது போர்ட், அதான் காத்து போற குழாய், வச்ச பெட்டி. பெட்டி அளவும் போர்ட்டும் பழைய வூஃபருக்குக் கணக்குப் போட்டது.

கோவை_கோன்:
0.8 டெசிபலை யார் காது கண்டுபிடிக்கும்? ரெண்டு பக்கமும் ரப்பர்னா ரெண்டும் சமமாத்தானே குறையும்.

வால்வு_வாத்தியார்:
அளவு குறைவது ஒரு பக்கம். வூஃபர் மட்டும் குறைந்து மிட் அப்படியே நின்றால் பாட்டின் சமநிலை மாறும். அதற்கு மிட் சத்தத்தைக் குறைக்கும் அட்டெனுவேட்டரைத் திருப்பி ஒப்பேற்றுவீர். ரப்பரோடு பிறந்த வூஃபருக்கு ரப்பர், ஃபோமோடு பிறந்ததற்கு ஃபோம்.

பழையபெட்டி:
கெப்பாசிட்டரையும் ஒரு தடவை அளந்து பாருங்களேன். தப்பில்லையே.

திருச்சி_ட்வீட்டர்:
கேசட் தம்பி, இடதைத் திரும்ப ஒட்டுற முறை. ஃபிரேம் விளிம்பு மேல இருக்கிற வளையத்தை, அதான் கேஸ்கெட்டை, மெதுவா கிளப்புங்க. ஃபிரேம்ல ஒட்டின விளிம்புல ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டா விட்டு, மழுங்கின கத்தியால சுத்தி வந்து பிரிங்க. கோன்ல ஒட்டின பக்கம் நல்லா இருந்தா அதைத் தொடாதீங்க.

டஸ்ட் கேப்பை சவரப் பிளேடால முக்கால் வட்டம் அறுத்து மடிச்சு வையுங்க. உள்ள காயிலுக்குப் போற மெல்லிசு வயரை வெட்டிடக் கூடாது. காந்தம் பிளேடை இழுக்கும், விடாம பிடிங்க. இடுக்குல பழைய ஃபோம் தூள் விழுந்திருக்கும். இரட்டைப் பக்க டேப்பை அட்டைத்துண்டுல சுத்தி அந்த வட்டத்துல ஒரு தடவை ஓட்டி எடுங்க. இரும்புத் தூள் ஒண்ணு இருந்தாலும் உரசும்.

அப்புறம் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை 1 செ.மீ. அகலத்துல நாலு துண்டா வெட்டி, காயிலுக்கும் நடுக் கம்பத்துக்கும் நடுவுல 12, 3, 6, 9 மணி இடத்துல சொருகுங்க. லேசா இறுக்கமா இருக்கணும். திணிக்கிற மாதிரி இருந்தா இன்னும் மெல்லிசான ஃபிலிமைப் பாருங்க. அந்த நிலையில ஃபிரேமுக்குப் பசை வச்சு ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்க விட்டுட்டு உருவுங்க. 30 ஹெர்ட்ஸ் டோனைச் சின்ன வால்யூம்ல விட்டு, சத்தமில்லாம அசையுதான்னு பார்த்த பிறகு கேப்பை ஒட்டுங்க.

ஒட்டுறதுக்கு முன்னாடி ஸ்டீல் ஸ்கேலை ஃபிரேம் மேல குறுக்கா வச்சு, கோன் எவ்வளவு ஆழத்துல நிக்குதுன்னு ரெண்டு வூஃபர்லயும் அளங்க. 12 இன்ச்னு மட்டும் கேட்டு வாங்கினா உள்வட்டம் பொருந்தாத ஃபோம் வரும். அதனால கோன் ஒரு மி.மீ.க்கு மேல உசந்தோ தாழ்ந்தோ நின்னா ஷிம் வச்சும் பிரயோஜனமில்ல, வேற ஃபோம் வாங்கணும். என்ன பசை போட்டீங்கன்னு சொல்லுங்க, எல்லாப் பசையும் ஆல்கஹாலுக்கு இளகாது.

கேசட்_கும்பகோணம்:
வயர் மாத்தினேன், பாஸ் வந்துடுச்சு. நன்றி சார், நன்றி அண்ணா. சனிக்கிழமைக்குக் கம்மியா வச்சு ஓட்டிக்கிறேன். இடதை ஞாயித்துக்கிழமை பிரிக்கிறேன்.

வால்வு_வாத்தியார்:
உரசுகிற காயிலை ஓட்டாதே. கம்பி இனாமல் தேய்ந்து ஷார்ட் ஆனால் ஃபோம் செலவோடு நிற்காது, கோன், காயில் எல்லாம் மாற்றும் ரீகோன் வரை இழுக்கும், ஆம்பும் போகலாம். விசேஷத்துக்கு வலது பெட்டியை மட்டும் மோனோவில் போடு.

திருச்சி_ட்வீட்டர்:
தம்பி, என்ன பசை?

கோவை_கோன்:
ரப்பர் போட்டிருந்தா இந்தப் பேச்சே இல்ல.