மீந்த உணவை உறைய வைத்தும் சலிப்பில்லாமல் சமைப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். கணவரும் நானும் வேலைக்குச் செல்வதால், விடுமுறை நாளில் மொத்தமாகச் சமைத்து, மீந்ததை டப்பாக்களில் அடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுகிறோம். உணவு வீணாவதில்லை என்றாலும், அதே குழம்பு அதே சுவையில் மறுபடியும் தட்டுக்கு வரும்போது பிள்ளைகள் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. மீந்ததை வேறு உணவாக மாற்றும்படி முன்கூட்டியே திட்டமிடுவது எப்படி என்றும், எவற்றை உறைய வைக்கக் கூடாது என்றும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1:
சகோதரி, சமைத்து முடித்த உணவையே உறைய வைப்பதுதான் இந்தச் சலிப்புக்குக் காரணம் என்று நினைக்கிறேன். மசாலாவும் புளிப்பும் சேர்ந்து இறுதி வடிவம் பெற்றுவிட்ட குழம்பை வேறொன்றாக மாற்றுவது கடினம். அதற்கு முந்தைய நிலையிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்தால் பல வழிகள் திறந்திருக்கும். கொண்டைக்கடலையை உப்பு மட்டும் போட்டு நிறைய வேகவைத்து, அன்றைக்கு வேண்டியதைக் குழம்பாக்கிவிட்டு மற்றதை உறைய வைத்தால், பிறகு ஒரு நாள் சூப்பாகவும், இன்னொரு நாள் மசித்துத் தட்டிச் சுட்ட கட்லெட்டாகவும் அது மாறும். வேகவைத்து உதிர்த்த கோழி இறைச்சிக்கும், வெங்காயமும் தக்காளியும் வதக்கிய கலவைக்கும் இதே முறை பொருந்தும்.

கலவையை ஜிப் பையில் ஒரு விரல் தடிமனுக்குப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டின் மேல் கிடத்தி உறைய வையுங்கள். பலகைபோல் உறைந்துவிடுவதால் வேண்டிய அளவு மட்டும் உடைத்து எடுக்கலாம். விரைவில் உருகவும் செய்யும். பையின் மேல் தேதியோடு, ‘கடலை’ என்று எழுதாமல் ‘சூப்புக்குக் கடலை’ என்று எழுதுங்கள். அடுத்த உணவு எது என்பதை அப்போதே முடிவு செய்துவிடுவதுதான் திட்டமிடலில் பாதி என்பேன்.

பதில் 2:
பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உறைநிலை கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்துமே தவிர அவற்றைக் கொல்லாது. சமைத்த உணவை அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வைத்துவிடுங்கள். சோற்றில் இந்தக் கவனம் மிகவும் தேவை. அதிலுள்ள ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கி, சோறு வெளியில் கிடக்கும்போது பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாமலும், ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியிலும் இருக்க வேண்டும். பரிமாறும் முன் உணவின் நடுப்பகுதியும் 74 டிகிரியை எட்டும்வரை சூடாக்குங்கள்.

பதில் 3:
தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், டப்பாவை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. காய்களின் உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் திசுக்களைக் கிழித்துவிடுவதால் வெள்ளரி, கீரை வகை சாலட்கள் தொய்ந்துபோகும். குழம்பிலுள்ள உருளைக்கிழங்குத் துண்டுகள் மாவுபோல் உதிரும். தயிரோ கிரீமோ சேர்த்தவை திரிந்து பிரியும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். இவற்றையெல்லாம் சூடாக்கும் நாளில் புதிதாகச் சேர்த்துக்கொள்வதே நல்லது.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. ஒரே ஓர் ஐயம்: உருக்கிய கோழியைக் கொண்டு வேறு உணவு செய்து, அதிலும் மீந்தால் மறுபடி உறைய வைக்கலாமா?

பதில் 2 எழுதியவர்:
ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உருகியிருந்தால் தாராளமாக வைக்கலாம். தன்மை சற்றுக் குறையுமே தவிர ஆபத்தில்லை. மேடையில் வைத்து உருக்கி, 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்திருந்தால் மட்டும் அதை மறுபடி உறைய வைக்கவும் வேண்டாம், உண்ணவும் வேண்டாம்.