படித்தவர் என்று யாரைச் சொல்வது? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

பதிவு 1
வங்கியில் ஒரு வயதான அம்மா சலான் நிரப்பித் தரச் சொன்னார். கணக்கு எண்ணை மனப்பாடமாகச் சொன்னார், கடகடவென்று எழுதி நீட்டினேன். வாங்கவில்லை. "ஒருதரம் படிச்சுக் காட்டு தம்பி." படித்தேன். எண்ணுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டே வந்தவர் ஏழாவது விரலில் நிறுத்தினார். "அங்க நாலு வரும், அப்புறம்தான் ஒன்பது." மாற்றி எழுதியிருந்தேன். நான் இரண்டு பட்டம் வாங்கியவன். அவர் கேட்காவிட்டால் திரும்பிப் பார்க்காமலே கவுண்டரில் கொடுத்திருப்பேன். மூன்று வருடம் ஆகியும் பாதி மடங்கி நின்ற அந்த விரல் கண்ணை விட்டுப் போகவில்லை.

பதிவு 2
எனக்கும் இதே கதைதான். மின்பொறியியல் படித்தவன். ஒயரிங் வேலைக்கு வந்தவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஃபியூஸைப் பிடுங்கியாயிற்று, கரண்ட் இல்லை, தொடலாம் என்றேன். அவர் டெஸ்டரைப் பக்கத்து அறையில் கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்தார், எரிந்தது. பிறகு எங்கள் ஒயரில், எரியவில்லை. மறுபடி போய் அதே பிளக்கில் வைத்துப் பார்த்தார். "டெஸ்டரே செத்துப்போயிருந்தா என்ன சார் பண்ணுவீங்க?" அளவுக் கருவிகளின் பிழை பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

பதிவு 3
மன்னிக்கவும், இரண்டு பேரும் எழுதப் படிக்கத் தெரியாததை அழகாக்குகிறீர்கள். என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரே நிறத்தில் இரண்டு மருந்து பாட்டில், நள்ளிரவில் தம்பிக்கு மாற்றி ஊற்றிவிட்டார். பிழைத்துக்கொண்டான். விடியும்வரை அம்மா அந்த லேபிளைத் தடவிக்கொண்டே இருந்தார். சலான் அம்மாவுக்கும் படிக்கத் தெரிந்திருந்தால் யாரையும் எதிர்பார்த்து நின்றிருக்க வேண்டாம்.

சரி, அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள் இதையாவது செய்யுங்கள். எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்துப் படியுங்கள், ஒரே மூச்சில் வாசித்தால் காது தவறவிடும். தொகையை எண்ணிலும் எழுத்திலும் படித்துக் காட்டுங்கள். காலி இடத்தில் கோடு போடுங்கள். கைநாட்டு வாங்குமுன் அந்தத் தாள் எதற்கு என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ரகசிய எண்ணைச் சொல்ல வந்தால் தடுத்துவிடுங்கள், கேட்டு உதவுவதைவிட அதுதான் பெரிய உதவி.

பதிவு 4
பதிவு 3க்கு: எழுத்து வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதோடு முடிந்துவிடுகிறதா? 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கைகழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குச் சுமார் 18 தாய்மார் இறந்த பிரிவில் ஜூனில் சுமார் 2 பேர். அப்படியும் பெரிய படிப்பாளிகள் பலர் தங்கள் கையில் குற்றம் இருப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை.

நான் கண்ணால் பார்த்தது வேறு. அப்பாவின் கட்டைப் பிரிக்க வந்த மூத்த மருத்துவரிடம், பயிற்சிக்கு வந்த செவிலிப் பெண் ஒன்றும் பேசாமல் சானிடைசர் பாட்டிலை நீட்டினாள். அவள் கை நடுங்கியது. அவர் நின்றார், கையை நீட்டினார், விரலிடுக்கெல்லாம் தேய்த்துவிட்டு "தேங்க்ஸ்மா" என்றார்.

பதிவு 1 எழுதியவர்
பதிவு 3இன் கோபம் நியாயம். ஒன்றை எழுதாமல் விட்டேன். திருத்திய சலானை வாங்கியதும் அந்த அம்மா, "இதுல நாலு எது?" என்று கேட்டார். காட்டினேன். வரிசை நகரும்வரை உள்ளங்கையில் விரலால் அதையே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.