ஓடையில் கலப்பது உரமா, கழிவுநீரா?

வணக்கம். ஆற்றில் சேரும் ஓர் ஓடையின் நீரை நான்கு மாதமாக அளந்து வருகிறேன். கரைந்த ஆக்ஸிஜன் விடியற்காலையில் லிட்டருக்கு 3 மில்லிகிராம், அதே இடத்தில் பிற்பகலில் 11. பகலில் பாசி விடும் ஆக்ஸிஜனை இரவில் அதுவே இழுத்துக்கொள்கிறது. கல்லைப் புரட்டினால் பச்சை வழவழப்புதான், அடியில் ஒரு பூச்சிகூட இல்லை. மனசு கனத்துப்போகிறது.

பாசிக்குத் தீனியாகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வயல் உரத்திலிருந்து வருகின்றனவா, வீட்டுக் கழிவுநீரிலிருந்தா? மழைக்குப் பின் கூடினால் வயல், வறண்ட நாளிலும் குறையாவிட்டால் கழிவுநீர் என்று நினைக்கிறேன். சரிதானா? ஆனால் நடுவில் மாடுகள் இறங்கும் துறை ஒன்று இருக்கிறது, அங்கேதான் குழம்புகிறேன். குளோரைடு (கழிவுநீரில் கூடுதலாக இருக்கும் உப்புப் பொருள்), ஈ.கோலி (மனிதர், மாடுகளின் குடலில் வாழும் பாக்டீரியா) சோதனைகளையும் சேர்த்தால் தெளிவாகுமா? துறைக்கு மேலும் கீழும் மாதிரி எடுத்தால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். அடுத்த மழைக்குள் தொடங்கியாக வேண்டும்.