1932-இல் அமெரிக்காவில் காடி (கார்) விற்காததால்தான் நம் மலாயா ரப்பர் தோட்டங்களில் ஆள் குறைத்தார்களா?

கேட்பவர்: தோட்டத்துப் பேத்தி, சுங்கை சிப்புட், மலேசியா

வணக்கம். 1932-இல் அமெரிக்காவில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம் எழுதி வரும்படி என் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். தேடினால் அமேலியா இயர்ஹார்ட் தனியாக அட்லாண்டிக்கைப் பறந்து கடந்தது, லிண்ட்பர்க் வீட்டுக் குழந்தை கடத்தப்பட்டது, ரூஸ்வெல்ட் அதிபர் தேர்தலில் ஜெயித்தது எல்லாம் வருகின்றன. ஆனால் எங்கள் பாட்டி, "அமெரிக்காக்காரன் காடி வாங்கறத நிறுத்துனான், எங்கப்பாவக் கப்பல் ஏத்திட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டுக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா?

பதில்: பழைய கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை)

உண்டு, தங்கச்சி. பாட்டி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

1929-இல் அமெரிக்காவில் சுமார் 53 லட்சம் வண்டிகள் செய்தார்கள். 1932-இல் அது 13 லட்சத்துச் சொச்சம். உலகத்திலேயே அதிகமாக ரப்பர் வாங்கிய நாடு அது, பெரும்பகுதி டயருக்கு. வண்டி இல்லையென்றால் டயர் எதற்கு? 1925-இல் ஒரு பவுண்டு எடை ஒரு மலாயா வெள்ளிக்கு மேல் போன ரப்பர் 1932-இல் பத்துக் காசுக்கும் கீழே வந்துவிட்டது. ஆணுக்கு 50 காசாக இருந்த நாள் கூலியை 1930-லேயே 40 ஆக்கிவிட்டார்கள், பிறகும் குறைத்தார்கள். வேலை இல்லாதவர்களைக் கப்பலில் இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். 1930 முதல் 1932 வரை அப்படித் திரும்பியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

என் அப்பா அப்போது சின்னப் பையன், ஆட்களைக் கூட்டிப் பெயர் வாசிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று பார்த்திருக்கிறார். விடியுமுன் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பெயர் வாசிப்பார்கள். பெயர் வராதவர்கள் கையில் இருந்த ரப்பர் பால்வாளியைக் கீழே வைக்கவே மாட்டார்களாம். வைத்தால் வேலை போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பொழுது ஏறும்வரை தூக்கிப் பிடித்தபடியே நிற்பார்களாம். இதைச் சொல்லும்போது அப்பாவின் கையும் மடங்கியே இருக்கும்.

அதே 1932 மார்ச் 7-இல் டெட்ராய்ட் பக்கம் வேலை போனவர்கள் ஃபோர்டு தொழிற்சாலைக்கு ஊர்வலமாகப் போய் வேலை கேட்டார்கள். அவர்களைச் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த காடிக்குத்தான் நம் ஆட்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். இயர்ஹார்டையும் மகள் எழுதட்டும், தைரியசாலிப் பெண். ஆனால் முதலில் இதை எழுதச் சொல்லுங்கள்.

பதில்: ஈப்போ வாத்தியார்

கிராணி ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். முதல் உலகப் போரில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு 1945-இல் தருவதாகச் சொன்ன பணம் ஒன்று இருந்தது. பசி தாங்காமல் அதை இப்போதே கொடுங்கள் என்று குடும்பத்தோடு வாஷிங்டனில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஜூலை 28-இல் தளபதி மெக்ஆர்தர் ராணுவத்தைக் கொண்டுவந்து கண்ணீர்ப் புகை போட்டு விரட்டினார், குடிசைகள் எரிந்தன. நவம்பரில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 42-ஐப் பிடித்ததற்கு இந்தக் கோபமும் ஒரு காரணம்.

தோட்டத்துப் பேத்தி

ஐயா, வாத்தியார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மகளுக்கு வாசித்துக் காட்டினேன். வாளியைப் பற்றிச் சொன்னதை மறுபடி வாசிக்கச் சொன்னாள். அப்புறம் 53 லட்சம், 13 லட்சம் என்று மேலும் கீழுமாக எழுதி, அதற்கடியில் கப்பல் ஏறிய கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு ஒரு வரி விட்டு வைத்திருக்கிறாள். பெயர் எனக்கே தெரியவில்லை. பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டார், அத்தைக்குத் தெரியும். இன்று ராத்திரி போன் போடுகிறேன்.