1,700 வெள்ளியால் யாருக்கு வேலை போனது?

செந்தூல் கடைக்காரன்:
போன வாரம் ஒரு கல்யாண விருந்தில் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "1,700 கொடுக்க வக்கில்லாதவன் கடையை மூடட்டும்." பாயசம் தொண்டையில் இறங்கவில்லை. சரி, என் கணக்கை இங்கே வைக்கிறேன். 2025 பிப்ரவரி 1 முதல் மலேசியாவில் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 ஆனது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருந்த கடைகளுக்கு ஆகஸ்டு வரை தவணை. என்னிடம் ஆறு பேர், எல்லாரும் உள்ளூர். ஆளுக்கு 200, இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) முதலாளி பங்கில் 13 விழுக்காடு என்று 26. ஆக மாதம் 1,356 வெள்ளி கூடுதல். பல்லைக் கடித்து ஓட்டிப் பார்த்தேன். முடியாமல் பாத்திரம் கழுவும் அக்காவை நிறுத்திவிட்டேன். இப்போது மத்தியானக் கூட்டம் கலைந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நானேதான் சட்டி தேய்க்கிறேன். சட்டம் போட்டவர்கள் வந்து தேய்ப்பார்களா?

பயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்:
அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை இலை போடுகிறீர்கள்? 150 என்று வைத்துக்கொள்வோம். 26 நாளில் 3,900 சாப்பாடு. 1,356-ஐப் பங்கு போட்டால் ஒரு சாப்பாட்டுக்கு 35 காசு. எண்ணெய் விலை ஏறினால் அப்பளத்தைச் சின்னதாக்குகிறீர்கள், கடை வாடகை ஏறினால் வாயைத் திறப்பதில்லை. சம்பளம் ஏறினால் மட்டும் ஆளைத் தூக்குகிறீர்கள்.

செந்தூல் கடைக்காரன்:
35 காசு உங்கள் காகிதத்தில். எனக்குக் காய்கறி போடுகிறவருக்கும், கேஸ் கொண்டு வருகிறவருக்கும் அதே சம்பள உயர்வு. அவர்களும் என் தலையில்தான் வைக்கிறார்கள். விலையை ஒரு வெள்ளி ஏற்றினேன். ஆபீஸ் பிள்ளைகள் பாதிப் பேர் வீட்டிலிருந்து டப்பா கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பிறை ஓ.டி. மன்னன்:
நான் தொழிலாளிதான், ஆனாலும் கடைக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். அடிப்படைச் சம்பளம் 1,500 இருந்தபோது மாதம் 60 மணி நேரம் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்தேன். 26 நாளால் வகுத்து, 8 மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரை மடங்கு: மணிக்கு 10.82. மொத்தம் 2,149 வெள்ளி கையில். 1,700 ஆனதும் கம்பெனி ஓ.டி.யை 20 மணி நேரமாகக் குறைத்தது. மணிக்கு 12.26, மொத்தம் 1,945. சம்பளம் ஏறி, கைக்காசு 200 வெள்ளி இறங்கியது. பன்னிரண்டு வருஷம் மெஷின் பிடித்த எனக்கும் நேற்று சேர்ந்த பையனுக்கும் இப்போது அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான்.

பயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்:
அந்த 40 மணி நேரம் எங்கே போனது? வீட்டுக்குத்தானே. அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா? உங்கள் பன்னிரண்டு வருஷத்துக்கு மரியாதை தராதது சட்டம் இல்லை, உங்கள் கம்பெனி. என் இடத்தில் இன்னும் அழகு: வருகைப் படியையும் ஷிப்ட் படியையும் அடிப்படைக்குள் தள்ளி, "பாருங்கள், 1,700" என்றார்கள். கையில் வந்தது அதே காசு.

பிறை ஓ.டி. மன்னன்:
வீட்டில் 40 மணி நேரம் உட்கார்ந்தால் மோட்டார் தவணையை யார் கட்டுவது? அந்த நேரத்தில்தான் சாப்பாடு டெலிவரி ஓடுகிறேன் தங்கச்சி.

பொருளியல் பித்தன்:
1992-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் மணிச் சம்பளத்தை 4.25 டாலரிலிருந்து 5.05-க்கு ஏற்றியது. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் பக்கத்து பென்சில்வேனியாவின் துரித உணவுக் கடைகளோடு ஒப்பிட்டார்கள். வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு. இங்கேயும் அப்படித்தான்: 2013-இல் 900 வெள்ளி, 2019-இல் 1,100, 2022-இல் 1,500. வேலையின்மை 2020 மே மாதம் 5.3 விழுக்காடு, 2025 நடுவில் 3 விழுக்காடு.

பிறை ஓ.டி. மன்னன்:
கோவிட் பூட்டைத் திறந்ததால் இறங்கியதை சம்பளச் சட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலே புள்ளிவிவரத்தில் "வேலையில் உள்ளவர்". நான் டெலிவரி மட்டும் ஓடினாலும் அந்தக் கணக்கில் நலமாகத்தான் இருப்பேன். அந்த நியூ ஜெர்சி ஆய்வையும் சம்பளப் பதிவேடுகளை வைத்து மறுத்தவர்கள் உண்டு, அதையும் சொல்லுங்கள்.

பொருளியல் பித்தன்:
உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேறு முதலாளியிடம் போக வழியில்லாத ஆளுக்கு, சட்டம் ஏற்றாமல் சம்பளம் தானாக ஏறாது. பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளியைப் பாருங்கள். அவர் எங்கே போய்ப் பேரம் பேசுவார்? அவர் பேச முடியாதபோது பக்கத்தில் நிற்கும் உங்களாலும் பேச முடியாது.

கெப்போங் கணக்குப்பிள்ளை:
நான் நான்கு கடைகளுக்குச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். 1,356-ஐ விடுங்கள். செந்தூல் அண்ணே, அந்த அக்காவை நீங்கள் நிறுத்தினீர்களா, இல்லை "விலகிக்கொள்கிறேன்" என்று கடிதம் வாங்கினீர்களா?

செந்தூல் கடைக்காரன்:
கடிதம்தான். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள். பிற்பாடு வம்பு வராது என்றார்கள்.

கெப்போங் கணக்குப்பிள்ளை:
அதுதான் தப்பு. 2018 முதல் நீங்கள் 0.2, அவர் 0.2 விழுக்காடு வேலை காப்புறுதிக்குக் கட்டுகிறீர்கள். வேலை போனால் பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு கொடுக்கும், அதாவது கிட்டத்தட்ட 1,360 வெள்ளி. இரண்டாம் மாதம் 50, மூன்றும் நான்கும் 40. ஆனால் தானாக விலகியவருக்கு ஒரு காசும் கிடையாது. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் ஒரு தாள் அவருடைய வாசலை அடைத்துவிட்டது.

பயான் லெப்பாஸ் நைட் ஷிப்ட்:
எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாக இருக்கும். யார் எழுதியது அண்ணே?

செந்தூல் கடைக்காரன்:
நான்தான் எழுதினேன். அவர் கையெழுத்து மட்டும். கல்லாப்பெட்டிக்குள் இருந்ததை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இன்றோடு 41 நாள்.

கெப்போங் கணக்குப்பிள்ளை:
இன்னும் 19 நாள் இருக்கிறது. ஆள் குறைப்பு என்று உண்மையைச் சொல்லி, நீங்களே கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தோடு அவரைக் கூட்டிக்கொண்டு பெர்கேசோவுக்கு நேரில் போங்கள். பழைய கடிதம் யார் எழுதியது என்று கேட்டால் மழுப்பாதீர்கள்.

செந்தூல் கடைக்காரன்:
திங்கட்கிழமை தம்பியைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் போகிறேன். அக்கா கம்போங் பாண்டானுக்கு வீடு மாறிவிட்டாராம், நம்பரைத் தேடுகிறேன். ஆனால் 1,700 பற்றிச் சொன்னதில் ஒரு வரியையும் நான் அழிக்கப்போவதில்லை.

பிறை ஓ.டி. மன்னன்:
அழிக்க வேண்டாம். பாதி நான் சொன்னது.