மறுமொழி: ‘லேசர் அப்லேசன்’ – ‘சீவல்’ என்னும் சொல் குறித்து

ஐயா, வணக்கம்.

லேசர் ஒளியால் ஒரு பொருளின் மேற்பரப்பைப் பெயர்த்தெடுக்கும் ‘லேசர் அப்லேசன்’ முறைக்குத் தமிழ்ச் சொல்லாகத் தாங்கள் பரிந்துரைத்த ‘லேசர் நீக்கம்’ எளிய சொல்தான். எனினும், எது, எங்கிருந்து, எவ்வளவு நீங்குகிறது என்பதை அது சொல்லவில்லை. மச்சம் எடுக்கும் அழகு நிலையத்தின் பலகைக்கும் அதே சொல் போதும்.

நீரில் மூழ்கிய உலோகத் தகட்டின் மீது, சில நானோ நொடிகளே நீடிக்கும் துடிப்புகளாக லேசர் ஒளியைப் பாய்ச்சும்போது (பெரும்பாலும் 1064 அல்லது 532 நானோமீட்டர் அலைநீளத்தில்), மேற்பரப்பிலிருந்து மிக மெல்லிய ஏடு ஒன்று பிளாஸ்மாவாக (மின்னேற்றம் பெற்ற சூடான வளிமமாக) எழும்புகிறது. அதைச் சூழ்ந்து ஆவிக் குமிழி பெருத்து உடைகிறது. குளிர்ந்த அணுக்கள் நானோத் துகள்களாகத் திரண்டு நீரிலேயே மிதக்கின்றன. வேதி முறைகளில் பெரும்பாலும் துகளின் மேல் ஒட்டிக்கொள்ளும் கரிமப் பூச்சு இங்கே தேவைப்படாததால், துகளின் பரப்பு வெறுமையாகக் கிடைக்கிறது. நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுப்பதில் மந்தமான பாதி ஆக்சிஜன் வெளிவரும் பக்கம். அதை விரைவுபடுத்தும் நிக்கல்–இரும்பு ஹைட்ராக்சைடு வினையூக்கிகளை இம்முறையில் ஆக்க முடிந்ததற்கு இந்த வெறுமையும் ஒரு காரணம்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) பெருகிப் பால்மரம் (ரப்பர்) அருகிவிட்டாலும், ‘மரம் சீவுதல்’ என்றால் இன்றும் பெரியவர்களுக்குப் புரியும். உள்ளிருக்கும் வளர்படலத்தில் காயம் படாமல், பால் வடிவதற்காகப் பட்டையை மட்டும் ஏடு ஏடாக உளியால் எடுப்பது அது. லேசர் செய்வதும் அதுவே என்பதால் ‘லேசர்ச் சீவல்’ என்று முன்மொழிகிறேன்.

வெற்றிலையோடு மெல்லும் பாக்குச் சீவல் நினைவுக்கு வரும் என்று தெலுக் இந்தான் ஊரைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, முன்னால் ‘லேசர்’ நிற்கும்போது யாரும் தாம்பூலத் தட்டைத் தேடமாட்டார்கள். ‘அரிமானம்’ உலோகம் அரிபடுவதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. ‘ஆவியாக்கம்’ முழு உண்மையன்று. நானோ நொடியைவிடவும் மிகக் குறுகிய ஃபெம்டோ நொடித் துடிப்புகளில் வெப்பம் பரவுவதற்கு முன்பே பொருள் பெயர்ந்துவிடுகிறது.

ஆயினும் இச்சொல்லை லேசர் தொடும் எல்லாவற்றுக்கும் ஒட்டக்கூடாது. 2014ஆம் ஆண்டில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர் பாலிஇமைடு என்னும் நெகிழிப் படலத்தின் மீது கார்பன் டைஆக்சைடு லேசரால் எழுதியபோது, பட்ட இடம் அங்கேயே நுண்துளைக் கிராபீனாக (மிக மெல்லிய கார்பன் ஏடுகளாக) மாறியது. அது மின்தேக்கிகளுக்கு உதவும் அரிய பொருள். ஆனால் சீவலால் வந்ததன்று, உருமாற்றத்தால் வந்தது. அதை ‘லேசர்வழிக் கிராபீன்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கலைச்சொல் கிளைச்சொற்களையும் தர வேண்டும். ‘சீவல் வீதம்’, ‘சீவல் தொடங்கும் ஆற்றல்’ ஆகியவை இடறாமல் வருகின்றன. ஒளி வாங்கும் பொருளுக்கு (ஆங்கிலத்தில் ‘டார்கெட்’) மட்டும் தடுமாறுகிறேன். ‘இலக்கு’ என்றால் குறிக்கோள் என்ற பொருளே முந்திக்கொள்கிறது. ‘சீவுதகடு’ என்றால் தண்டாகவோ பொடியாகவோ இருக்கும்போது பொருந்தவில்லை. ‘சீவுபொருள்’ போதுமா, வேறு சொல் உண்டா என்று தாங்களும் மற்றவர்களும் எழுத வேண்டுகிறேன்.