சட்டப் பேராசிரியர் வேலையும் கொள்கை வகுப்பும்: யாரைப் பார்த்துக் கற்கலாம்?

கேள்வி: எல்.எல்.எம். (சட்ட மேற்படிப்பு) முடிக்கப் போகிறேன். அப்பாவுக்கு நான் கறுப்புக் கோட்டு போட வேண்டும். எனக்கோ வகுப்பறையும் அரசுக் கொள்கை வேலையும்தான் பிடித்திருக்கிறது. இரண்டையும் செய்தவர்கள் உண்டா?

பதில்: என்.ஆர். மாதவ மேனனைப் பற்றிப் படியுங்கள், தம்பி. டெல்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும்போதே மாணவர்களை இலவச சட்ட உதவிக்கு இறக்கிவிட்டவர். அப்புறம் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியின் முதல் இயக்குநர். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு இன்று இவ்வளவு போட்டி இருக்கிறதே, அதற்கு மவுசு வந்தது அங்கிருந்துதான். கொல்கத்தாவிலும் ஒரு சட்டப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கி நடத்தினார். பிறகு போபாலில் தேசிய நீதித்துறை அகாடமி, நீதிபதிகளுக்கே வகுப்பு! குற்றவியல் நீதிக்கான தேசியக் கொள்கை வரைவுக் குழுவுக்கும் தலைவர். 2019இல் காலமானார்.

இன்னொரு பதில்: மடியில் விடைத்தாள் கட்டோடு எழுதுகிறேன், நானும் சட்ட ஆசிரியைதான். முதலில் கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தகுதித் தேர்வை முடியுங்கள். முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வக்கீல் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். ஆனால் வக்கீலாக இருந்துகொண்டே நாளுக்கு 3 மணி நேரம் வரை சட்டப் பாடம் எடுக்க, வக்கீல்களுக்கு விதி வகுக்கும் பார் கவுன்சில் இடம் தருகிறது. அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர்: சரி மேடம், அந்த 3 மணி நேரக் கணக்கு அவருக்குப் பிடிக்கும்!